பெரியப்பா மாட்டின ஆயில் கூலர்

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் எண்ணெய் மில், மறுபக்கம் பெரியப்பா தன் அம்பாசடரை நிறுத்தும் கீற்றுக் கொட்டகை. அதனால் கீழ்பென்னாத்தூர் என்று யாராவது சொன்னதும் எனக்கு முதலில் வருவது ஊரின் முகமல்ல, இரண்டு எண்ணெய்களின் வாசனை. மல்லாட்டை ஆட்டும் நாட்களில் தெரு முழுக்க வறுத்த வாசம் மிதக்கும், பிண்ணாக்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றும் ஆட்களின் வேர்வையும் அதில் கலந்திருக்கும். சாயங்காலம் பெரியப்பா சவாரி முடித்து வந்து பானெட்டைத் தூக்கிவிட்டால், அந்த வாசத்தை ஒதுக்கிக்கொண்டு சூடான இன்ஜின் ஆயிலின் கரிந்த நெடி வாசல்வரை வரும். ஆயா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் மட்டும் ஓடிப்போய் மட்கார்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்த நெடியை முகர்ந்தால் வண்டி எவ்வளவு தூரம் போய்வந்தது என்று சொல்லிவிடலாம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். செஞ்சிவரை போய் வந்தால் ஒரு வாசனை, திண்டிவனம்வரை என்றால் வேறு. பெரியப்பாவும், "எங்கே, சொல்லு பாக்கலாம்" என்று கேட்டு, நான் எந்த ஊரைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

வண்டி மார்க் 2. முன்பக்கம் கட்டம் போட்ட கிரில், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் முழு நீள சீட்டு. சீட்டு ரெக்ஸின் வெயிலில் வெந்து, அதன்மேல் விபூதியும், கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழமும், பெட்ரோலும் சேர்ந்து ஒரு தனி மணம் வைத்திருந்தது. ஊரில் கல்யாணம் என்றால் அந்த வண்டிதான், பிரசவ வலி என்றாலும் அந்த வண்டிதான். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பித் திரும்பி வருவதும் அதுதான். 2,668 அடி மலை உச்சியில் ஆறு மணிக்குக் கொப்பரையில் தீபம் ஏறினால் எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். நாங்கள் மாடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் பெரியப்பா எங்கோ கூட்டத்துக்கு நடுவில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பார். மலையை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது, கண் முழுக்க மீட்டரில் இருக்கும்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரத் துண்டில் அவரே மாட்டியது. ஆயில் பிரஷர் மீட்டர். ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாக இன்ஜினிலிருந்து ஆயிலே நேராக மேலேறி வந்து முள்ளைத் தள்ளும். நல்ல ஓட்டத்தில் முள் 50 பவுண்டில் நிற்க வேண்டும். நின்றபடி ஐடிலிங்கில் உறுமும்போது 15க்குக் கீழே போகக் கூடாது. அந்தக் கோடையில் அது 15ஐத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. காலையில் கிளம்பும்போது கம்பீரமாக நிற்கும் முள், மத்தியான வெயிலில் ஆட்களை அடைத்துக்கொண்டு வந்து நின்றால் தளர்ந்து சாய்ந்துவிடும்.

"ஏன் பெரிப்பா இப்டி ஆவுது?" என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போய், ஆயா தோசைக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து ஆறின கல்லில் ஊற்றச் சொன்னார். அது தயங்கித் தயங்கி நகர்ந்தது. அடுப்பை மூட்டிக் கல் காய்ந்ததும் இன்னொரு கரண்டி. ஊற்றிய கணத்தில் ஓரத்துக்கு ஓடிவிட்டது. "இன்ஜினுக்குள்ளயும் இதான் பாப்பா. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஆயில் ஒரு மெல்லிசுப் படலமா நின்னு தாங்கணும். சூடேறி தண்ணியாப் போச்சின்னா அது நிக்காம வழிஞ்சி போயிடும். அப்புறம் இரும்பும் பேரிங்கும் நேராத் தேய்ச்சிக்கும்." ஆயா இரண்டு கரண்டி எண்ணெய் வீணானதற்கு எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அதற்குப் பின் நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் பாகுநிலை என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். பெட்ரோல் இன்ஜினை இறக்கிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை ஏற்று. அந்த வருஷங்களில் டாக்சிக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். செலவு பாதியாகக் குறையும் என்பதும் உண்மைதான். பெரியப்பா கேட்டுக்கொள்வார், டீ வாங்கிக் கொடுப்பார், வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம், "அந்த சத்தத்தை வெச்சிகினு நான் எப்டி ஓட்டுவேன்?" என்பார். இன்ஜின் பேசுவதைக் கேட்டு ஓட்டுகிற மனிதர் அவர். வால்வு கொஞ்சம் தளர்ந்தால் ஊர் எல்லையிலேயே சொல்லிவிடுவார். டீசலின் தடதடப்பில் அந்தப் பேச்சு காதில் விழாமல் போய்விடும் என்பதே அவர் கவலை. அந்தக் கவலையை நான் இன்றும் மதிக்கிறேன். கணக்குப் பார்த்தால் அவர் செய்தது நஷ்டம். ஆனால் ஒரு பொருளோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவருக்குக் கணக்கைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும்.

வழி காட்டியது ஒரு போர் வண்டிக்காரர். கிணறுகள் வறண்ட வருஷம் அது. திருச்செங்கோட்டிலிருந்து வந்த ரிக் எங்கள் கொல்லையில் துளை போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி கிளம்பி வேப்பமரம் முழுக்க மாவு அப்பியிருந்தது. கம்ப்ரசர் அலறும் சத்தத்தில் கோழிகள் எல்லாம் வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன. தண்ணீர் வருகிறதா என்று எல்லாரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா மட்டும் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் அதற்குள் தண்ணீர் போகவில்லை, தடித்த கருப்பு ஹோஸ் வழியாக ஆயில் போய்வந்தது. "அது ஆயில் கூலருங்கண்ணா. இல்லீன்னா கம்ப்ரசர் மத்தியானத்துக்குள்ள படுத்துக்குமுங்க" என்றார் ரிக் டிரைவர். பெரியப்பா ஹோஸின் ஒரு முனையைத் தொட்டார், மறு முனையைத் தொட்டார். போகிற பக்கம் கை வைக்க முடியவில்லை, வருகிற பக்கம் வைக்க முடிந்தது. என் கையையும் பிடித்து, பட்டும் படாமலும் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினார். அன்று சாயங்காலம் கொல்லையில் தண்ணீர் வந்தது, ஊரே கூடி நின்றது. பெரியப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து பீடிக் கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மெட்ராஸ் பஸ் ஏறி புதுப்பேட்டைக்குப் போனார். உடைத்துப் போட்ட வண்டிகளின் உறுப்புகள் கடை கடையாக மலைபோல் குவிந்து கிடக்கும் இடம் அது. இரவு வெகுநேரம் கழித்து, தினத்தந்தியில் சுற்றி சணல் கட்டிய ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். கூடவே எனக்குப் பால்கோவா. நான் முதலில் பொட்டலத்தைத்தான் பிரித்தேன். என் ஸ்லேட்டைவிடக் கொஞ்சம் பெரிது. தட்டையான குழாய்கள் அடுக்கடுக்காக, இடையிடையே மடித்து மடித்து வைத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், இரண்டு மூலைகளில் இரண்டு வாய்கள். ஏதோ வெளிநாட்டுக் காரில் இருந்து கழன்று வந்தது. பாதித் தகடுகள் நசுங்கியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தும் வேலை எனக்கு வந்தது. பெரியம்மாவின் கொண்டை ஊசியை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, கிழியாமல், அழுத்தாமல், ஓரமாக நெம்பி நெம்பி நேராக்கினேன். "காத்து பூரணும் பாப்பா, காத்து பூந்தாத்தான் சூடு எறங்கும்" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போவார்.

பழைய கூலரில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது முன்பு இருந்த வண்டியின் இன்ஜின் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. பேரிங் போய்ச் செத்திருந்தால் அதன் பொடி முழுக்க அந்தக் குழாய்களுக்குள் தங்கியிருக்கும். அதை அப்படியே மாட்டினால் அவ்வளவும் நம் இன்ஜினுக்குள் வந்து இறங்கும். அதனால் ரேஷன் மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றி, இரண்டு வாயையும் கட்டையால் அடைத்து, குலுக்கி, கவிழ்த்து, திரும்ப ஊற்றி, மறுபடி கவிழ்த்து என்று தினமும் இரவில் நடந்தது. வடிகிற மண்ணெண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் பிடிப்பார். அதை அரிக்கன் விளக்குக்குப் பக்கத்தில் விரித்து, "உன் கண்ணு சின்னக் கண்ணு, நீ பாரு" என்பார். முதல் இரவுகளில் துணியில் மின்மினியாகப் பொடிகள் மின்னின. எனக்கு அவை அழகாகத் தெரிந்தன. அவருக்கு முகம் வாடும். துணி மின்னாமல் வெறும் அழுக்காக மட்டும் வந்த இரவில், ரெண்டு பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய், அந்த மாதக் கடைசி முழுக்க ஆயா விறகடுப்பிலேயே காபி போட்டாள்.

பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்து மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். குமிழி வரவில்லை. மாடுதான் தன் தொட்டியில் எங்களைக் கண்டு கோபித்துக்கொண்டது.

மரை சேரவில்லை என்பது அதற்கப்புறம் வந்த சிக்கல். கூலரின் வாய் ஒரு அளவு, இன்ஜின் பக்கத்து மரை வேறு அளவு. அதற்காக நானும் அவரும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போனோம். சோமாசிபாடி தாண்டியதும் மலை ஜன்னலுக்கு ஜன்னல் இடம் மாறிக்கொண்டே பெரிதாகிக்கொண்டு வரும். பே கோபுரத்துப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை. பித்தளைக் கட்டையைக் கவ்விச் சுழற்றி, மரை வெட்டி, நிப்பிள் செய்து கொடுத்தார் அங்கிருந்த பாய். லேத்தின் கீழே பொன் நிறத்தில் பித்தளைத் துகள் குவிந்தது. ஒரு பிடி அள்ளி நான் பாவாடையில் முடிந்துகொண்டு வந்தேன், பல வருஷம் அது என் பென்சில் டப்பாவில் கிடந்தது. ஹோஸ்களை டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ணும் கடையில் செய்தோம். "காருக்கா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்.

மாட்டின நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி காப்பர் வாஷர்களை ஆயாவின் அடுப்புத் தணலில் போட்டுச் சிவக்கவிட்டு, கிடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. இரும்பை இப்படிச் செய்தால் விறைக்கும், செம்போ இளகிவிடும், இளகினால்தான் அழுத்தும்போது இடுக்கெல்லாம் படிந்து ஆயிலைக் கசியவிடாமல் பிடிக்கும். விடிந்ததும் கிரிலைக் கழற்றினார். இன்ஜின் பிளாக்கிலிருந்து ஆயில் பில்டருக்குப் போகும் வளைந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு ஹோஸ்களையும் பூட்டினார். பிளாக்கிலிருந்து வரும் ஆயில் ஒரு ஹோஸில் முன்னால் போய், கூலருக்குள் சுற்றி, இன்னொன்றில் திரும்பி வந்து பில்டருக்குள் நுழையும். ரேடியேட்டருக்கு முன்னால் கூலரைப் பிடித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வண்டிக்குக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டில் உண்டு, பம்பருக்கு அருகிலிருக்கும் ஓட்டை வழியாக அது நேராக உள்ளே போக வேண்டும். கூலரைக் கீழே வைத்தால் அந்த வழி அடைபடும். பாட்டரி இறங்கிய இரவில் நடு ரோட்டில் என்ன செய்வது? அதனால் கூலரை மேலே ஏற்றி, ஹோஸ்களை இரண்டு ஓரமாக ஒதுக்கி வளைத்து, இரும்புப் பட்டையில் பழைய டியூப் ரப்பர் வைத்து முடுக்கினார். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. நான் ஹாண்டிலை ஓட்டையில் விட்டு விட்டு எடுத்து, "போவுது பெரிப்பா, போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடனே சாவியைத் திருகவில்லை. பிளக் நாலையும் கழற்றிவிட்டு ஹாண்டிலால் சுற்றினார். காலியாக இருக்கும் கூலரும் ஹோஸும் நிரம்பும்வரை பேரிங்குக்கு ஆயில் போகாது, அதற்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது. சுற்றினார், சுற்றினார், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் டிரைவர் சீட்டில் முட்டி போட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு துடிப்புத் துடித்து எழும்பியது. நான் போட்ட கூச்சலில் எண்ணெய் மில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டிப்ஸ்டிக்கில் குறைந்திருந்த அளவுக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் சேர்த்து, பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்தார். ஒரு நிப்பிளில் முத்தாக ஒரு துளி நின்றது. வாஷரை மாற்றினார், நின்றுவிட்டது.

சோதனை திருப்பதியில் நடந்தது. தம்பிக்கு மொட்டை. சேத்துப்பட்டு, ஆரணி, வேலூர், சித்தூர் வழியாகப் பயணம். வண்டிக்குள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், ஆயா மடியில் நான், என் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. அலிபிரியில் மலை ஏறத் தொடங்கியதும் எல்லாரும் கோவிந்தா போட்டார்கள், பெரியப்பாவும் நானும் போடவில்லை. மேலே ஏறுவதற்கு என்று 1974இல் போட்ட பாதை அது. வளைவுக்கு வளைவு ஓரத்தில் பானெட்டைத் தூக்கி ஆவி விட்டுக்கொண்டு வண்டிகள் நின்றன, ஆட்கள் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியரில் எங்கள் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முள் 40ஐ விட்டு அசையவில்லை. "எவ்ளோ?" என்பார் ரோட்டைவிட்டுக் கண் எடுக்காமல். "நாப்பது." இன்னொரு வளைவு. "எவ்ளோ?" "நாப்பது பெரிப்பா." மேலே போய் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தார். 20க்கு மேல் நின்றது. அவர் வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பின்னாலிருந்து, "சாமி பாக்க வந்தமா, இதப் பாக்க வந்தமா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினார்.

வெகு வருஷங்கள் கழித்து எனக்குத் தெரியவந்த ஒன்றை அவரிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரில் வைத்த அந்த 1489 சி.சி. இன்ஜினின் குடும்பம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதே அளவு இன்ஜினைத்தான் அங்கே ஐம்பதுகளில் ரெண்டு பேர் உட்காரும் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். வேகமாக ஓட்டுகிறவர்கள் விரும்பினால் அதற்கு ஆயில் கூலர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த வண்டிகளிலும் கூலர் ரேடியேட்டருக்கு முன்னால்தான். படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் வரைபலகை வைத்து யோசித்தவர்களும், பீடிக் கட்டுக் காகிதத்தில் வரைந்த என் பெரியப்பாவும் ஆயிலுக்கு ஒரே வழியைத்தான் போட்டிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு புது வேலை சேர்ந்தது. விடியற்காலைப் பனியில் கூலர் ஆயிலை வேண்டியதற்கு மேல் ஆற வைத்துவிடும். ஆயில் சரியாகச் சூடேறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது, ஆயில் மூடிக்கு அடியில் வெளுப்பாகப் பிசுக்கு படியும். அதைத் துடைத்து எனக்குக் காட்டினார். பிறகு சோப்புப் பெட்டி அட்டையை அளந்து வெட்டி, கூலருக்கு முன்னால் செருக வசதி செய்தார். திருப்பாவை ஒலிபெருக்கியில் வரும் நேரத்தில் எழுந்து அட்டையைச் செருகுவதும், வெயில் ஏறியபின் வண்டி கிளம்பினால் மறக்காமல் எடுத்து விடுவதும் என் பொறுப்பு. அரையாண்டு லீவில்கூட அதற்காக எழுந்தேன்.

ஸ்டாண்டு டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். டீசல் ஏற்று என்று சொன்னவர்கள்தான் குனிந்து ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா யாருக்கும் ஒளிக்கவில்லை. காகிதத்தில் வரைந்து கொடுத்தார், பட்டறைக்கு வழி சொன்னார், "பழைய கூலர் வாங்கினா கழுவாம மாட்டிடாதீங்க" என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் கண் மங்கியபின் வண்டி கைமாறியது. 2014இல் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது அது எங்கே இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். பிற்பாடு ஒருநாள் புதுச்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய வண்டிகளைச் சீர் பண்ணி வைத்துக்கொள்பவர், ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய விலாசத்தைப் பிடித்து, யார் யாரையோ கேட்டு என் நம்பரை வாங்கியிருந்தார். "முன்னாடி ரேடியேட்டர் மாதிரி சின்னதா ஒண்ணு இருக்குதுங்களே மேடம், கம்பெனி ஃபிட்டிங் இல்லையே, எடுத்துடலாமா?" என்றார். எடுக்காதீர்கள் என்றேன். ஹோஸ் ரப்பர் இத்தனை வருஷத்தில் வெடித்திருக்கும், அதைக் கட்டாயம் மாற்றுங்கள், காப்பர் வாஷரைத் தணலில் சிவக்கவிட்டுத் தண்ணீரில் போட்டு மாட்டுங்கள், முதலில் பிளக்கைக் கழற்றி ஹாண்டிலால் சுற்றுங்கள், மீட்டர் முள் எழும்பினால்தான் சாவியைத் தொட வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், புரியாததைத் திரும்பக் கேட்டார். ஹாண்டில் இருக்கிறதா, ஓட்டையில் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"விட்டுப் பாத்தேங்க. எங்கேயும் இடிக்கல, நேராப் போவுது."

மார்கழிக்கு ஒரு அட்டை வேண்டும், அளவு சொல்கிறேன் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.